ஹந்தூஷ் கரையைக் கொடுத்த கதை

கர்கே ஆறு ஏறத் தொடங்கிய அந்த வசந்தத்தில் ஹுமைதிய்யா ஊரே சாக்குகளில் மண் அள்ளிக்கொண்டிருந்தது. ஊருக்கு எதிரே, ஆற்றுக்கு மேற்கே, தன் வயல் மேட்டில், ஹந்தூஷ் மட்டும் விருந்தாளிக் கூடத்துக்குப் புதுப் பாய் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாணலைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, வளைத்து நட்டு எழுப்பிய கூடம். நூறு பேர் தாராளமாக உட்காரலாம். எங்கள் குலத் தலைவர் ஷேக்கின் கூடத்தில் அறுபது பேருக்குத்தான் இடம். ஆனால் ஷேக்கின் கூடத்தில் தினமும் அறுபது பேர் உட்கார்ந்தார்கள். ஹந்தூஷின் கூடத்தில் ஹந்தூஷ் உட்கார்ந்தார். சில நாள் கோழிகள் வந்து துணைக்கு இருந்தன.

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. வீட்டுக்குள் கால் உடைந்த கட்டில் கிடக்கும், கூடத்தில் புதுக் கம்பளம் விரித்திருக்கும். இதைச் சொல்கிற நான் மட்டும் என்ன யோக்கியம்? என் வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, விருந்தாளிக்கென்று வைத்திருக்கிற காப்பிக் கெண்டியில் முகம் பார்க்கலாம். ஆகவே ஹந்தூஷைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் தங்கள் வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

ஆறு ஏறுவது அவருக்குத் தெரியாமல் இல்லை. மேலே மலையில் மழை விடவில்லை, பெரிய அணையில் மதகுகளைத் திறந்துவிட்டார்கள் என்று வானொலி சொன்னது. அவரும் தன் கரையோரம் தண்ணீரில் ஒரு கோலை நட்டு, கத்தியால் கோடு கிழித்து வைத்திருந்தார். முதல் நாள் தண்ணீர் முதல் கோட்டைத் தொட்டது. மறுநாள் இரண்டாவது கோட்டைத் தாண்டியது. அதற்கு மறுநாள் ஹந்தூஷ் கோலைப் பிடுங்கி, கரையில் இன்னும் கொஞ்சம் மேலே நட்டார். தண்ணீர் முதல் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. அவருக்கு மனசு லேசானது.

அடுத்த நாளும் அவர் கோலைப் பிடுங்கி நட்டதை அவருடைய மனைவி நஷ்மிய்யா மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க அங்க?"

"கோல் சாஞ்சிருந்தது. நேராக்கினேன்."

"நேத்தும் நேராக்கினீங்க. இப்படியே நேராக்கிட்டு வந்தா, வெள்ளிக்கிழமைக்குள்ள கோல் நம்ம அடுப்படிக்கு வந்துடும்."

அவர் கோதுமைக்குள் இறங்கிப் போனார். பதில் இல்லாதபோது அவர் போகிற இடம் அது. அந்த வருஷம் மற்றவர்கள் பார்லி போட்டு, நவ்ரோஸ் புத்தாண்டு முடிந்த கையோடு அறுத்து, வைக்கோலையும் ஏற்றிவிட்டார்கள். ஹந்தூஷ் கோதுமைதான் போடுவேன் என்றார், அதுவும் அஹ்வாஸ் நகரத்திலிருந்து வரும் உயர்ந்த விதைதான் போடுவேன் என்றார். விதை வரத் தாமதமாகி, விதைப்பும் தாமதமானது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கோதுமை அவரைக் கைவிடவில்லை. இடுப்பளவு எழும்பி, கதிரில் பால் கட்டி, காற்றடித்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. இன்னும் ஒரு மாத வெயில் கிடைத்தால் போதும். அந்த வருஷத்துக்கு அவர் வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். எருமைகளுக்குத் தீவனம், மகள் ஸல்வாவின் கல்யாணம், அடுத்த விதைப்பு எல்லாம் அந்தக் கதிருக்குள்தான் இருந்தது.

ஒரு நாள் காலையில் பாலத்தின் மேல் வரிசையாக ஆட்கள் வருவதை ஹந்தூஷ் பார்த்தார். சும்மா ஆட்கள் இல்லை. எல்லோரும் சரிகைக் கரை போட்ட மேலங்கி, தலையில் கயிற்று வளையம். முன்னால் வருவது சப்தி, நஷ்மிய்யாவின் அண்ணன், ஊரில் ரொட்டிக் கடை வைத்திருப்பவர். அவர் பக்கத்தில் மிஸ்அல், யாத்திரை போய் வந்தவர் என்பதால் ஊருக்கு அவர் ஸாயிர். மிஸ்அல் வருகிறார் என்றால் விஷயம் பெரிது. பெண் கேட்க, பழிக்கு ஈடு பேச, பகை ஆற்ற, எதற்குப் போனாலும் ஊர் சார்பில் வாயைத் திறப்பவர் அவர்தான்.

"நஷ்மிய்யா! வந்துட்டாங்க!"

"யாரு?"

"உங்க அண்ணன்! ஊரையே கூட்டிட்டு வராரு! ஸல்வாவைக் கேக்க வராங்கடி! நான் சொன்னேன்ல, உங்க அண்ணன் மகன் தாமிருக்கு நம்ம ஸல்வா மேல ஒரு கண்ணுன்னு!"

"கொஞ்சம் பொறுங்க. எதுக்கு வராங்கன்னு கேட்டுட்டு அப்புறம் பேசுங்க. தாமிரு விஷயம் உங்களுக்கு..."

அவர் கேட்கவில்லை. மேலங்கியை ஒரு கையில் மாட்டிக்கொண்டே காப்பிக்குச் சத்தம் போட்டார். அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் மகளின் செருப்புமாக வாசலுக்கு ஓடினார்.

முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்தும் கூடத்தில் இடம் மிச்சம் இருந்தது. அதை எல்லோரும் கவனித்தார்களா என்று ஹந்தூஷ் கவனித்தார். சின்னக் கிண்ணங்களில் ஏலக்காய் மணக்கக் காப்பி போனது. சப்தி கிண்ணத்தை வாங்கினார், உதட்டுக்குக் கொண்டுபோகாமல் எதிரே பாயில் வைத்தார். மிஸ்அலும் வைத்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வைத்தார்கள்.

ஹந்தூஷ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படிக் கிண்ணத்தை வைத்தால், ஒன்று கேட்டு வந்திருக்கிறோம், அது கிடைக்காமல் உன் வீட்டுக் காப்பி எங்கள் தொண்டையில் இறங்காது என்று அர்த்தம். வீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பார், வந்தவர்கள் சொல்வார்கள், அவர் யோசித்து ஒரு பதில் சொல்வார். இது சாதாரண மனிதர்கள் செய்வது. பெரிய மனிதர்கள் கேட்பதே இல்லை. "குடிங்க, கேட்டது கிடைச்சாச்சு" என்று ஒரே வார்த்தை. ஷேக்கின் அப்பா அப்படிச் சொன்னதை ஹந்தூஷ் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு நாள் வராதா என்றுதான் அந்த நூறு பேர் கூடத்தையே கட்டினார். ஆள் இல்லாத மத்தியானங்களில் கோழிகளிடம் சொல்லிப் பார்த்தும் இருக்கிறார்.

மிஸ்அல் தொண்டையைச் செருமினார். "பெரியவங்களே! இந்த வீட்டைப் பத்தி என்ன சொல்ல? ஹந்தூஷோட அப்பாவைப் பத்திச் சொல்லவா, அவருக்கு அப்பாவைப் பத்திச் சொல்லவா..."

ஹந்தூஷ் கையை உயர்த்தினார். "ஸாயிர், எதுக்கு சிரமம்? காப்பி ஆறுது. குடிங்க! என்ன கேட்டு வந்தீங்களோ அது உங்களுது."

மிஸ்அலின் வாய் திறந்தபடியே நின்றது. சப்தி மெதுவாகச் சொன்னார்: "மச்சான், முதல்ல என்னன்னு கேளு."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு மச்சான்? என் கண்ணைக் கேட்டாலும் தரேன். குடிங்கன்னு சொன்னேன்!"

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேறு வழியில்லை, குடித்தார்கள். சப்தி கஷாயம் குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

ஹந்தூஷ் தாடியைத் தடவிக்கொண்டார். "சரி. நிச்சயத்தை எப்போ வச்சுக்கலாம்?"

"எந்த நிச்சயம்?" என்றார் சப்தி.

"என்ன மச்சான் விளையாடறே? பிள்ளைங்க நிச்சயம்தான்."

சப்தி தரையைப் பார்த்தார். "மச்சான், நாங்க உன் கரையைக் கேட்டு வந்தோம்."

"எந்தக் கரை?"

"ஆத்து வளைவுல இருக்கற உன் கரை. அதை வெட்டணும். தண்ணி உன் வயல் வழியா பழைய சதுப்புக்குப் போகணும். அங்க போனா எங்க பக்கம் ஒரு முழமாவது இறங்கும்னு இன்ஜினியர் சொல்றாரு. இல்லேன்னா ஊர்க் கரை நிக்காது. அந்த வளைவுல உன் நிலம்தான் பள்ளம். மத்தவங்க அறுத்துட்டாங்க. உன் கோதுமை மட்டும்தான் நிக்குது."

நாணல் தட்டிக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் பித்தளைப் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

ஹந்தூஷின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்க அவருக்கு வழி தெரியவில்லை. முப்பது பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவ்வளவுதானா?" என்றார். "நான் என்னமோ பெரிசா கேக்கப் போறீங்கன்னு நினைச்சேன். நாளை மறுநாள் வாங்க, வெட்டிடலாம்."

எல்லோரும் எழுந்து அவர் தோளில் முத்தமிட்டார்கள். சில பேர் அழுதார்கள். போகும்போது மிஸ்அல் மட்டும் முறுக்கிக்கொண்டு போனார். "ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணினேன். ஏழு தலைமுறை. மனுஷன் ரெண்டாவது தலைமுறைக்குக்கூட விடலை" என்று பாலம் வரை புலம்பிக்கொண்டே போனதாகக் கேள்வி.

ஆட்கள் போனதும் நஷ்மிய்யா தட்டிக்குப் பின்னாலிருந்து வந்தாள். ஹந்தூஷ் கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"கண்ணைக் கேட்டிருந்தாக்கூட பரவால்ல" என்றாள். "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்."

"நான் என்னத்தைக் கண்டேன்? தாமிருக்குன்னு நினைச்சேன்."

"தாமிருக்கு போன மாசமே சூஸங்கிர்த்துல நிச்சயம் ஆயிடுச்சு. உங்ககிட்ட சொல்ல வந்தேன். விதையைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க."

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நஷ்மிய்யாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துச் சிரித்து முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். மூடிய முகத்தை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"ஊர்க் கரைக்குப் பின்னாடி இருக்கறது என் அண்ணன் வீடு. அவங்க முழுகட்டும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எதைக் குடுக்கறோம்னு தெரிஞ்சுட்டுக் குடுத்திருக்கலாமே, அபூ ஃபாலிஹ். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. நானும்தானே களை எடுத்தேன்?"

அபூ ஃபாலிஹ் என்பது வீடும் ஊரும் அவரை மரியாதையாகக் கூப்பிடும் பெயர். கோதுமைக்குள் இறங்கிப் போகக்கூட அன்று அவருக்கு மனசு வரவில்லை.

அன்று முழுக்க அவர் வாக்கிலிருந்து தப்பிக்க வழி தேடினார். காய்ச்சல் என்று போர்த்திப் படுத்தார். நலம் விசாரிக்க வந்த பக்கத்து வயல்காரர், படுக்கையிலும் இப்படிக் கொடுக்கிற மனுஷன் உண்டா என்று கண்ணீர் விட்டதில் வெட்கம் தாங்காமல் எழுந்துவிட்டார். நிலத்தில் பாதி தம்பி பேரில் இருக்கிறது, அவன் சம்மதம் வேண்டும் என்று ஒரு யோசனை. தம்பி செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. கடைசியாக ஒன்று தோன்றியது. மிஸ்அல் பேச ஆரம்பித்ததில் காப்பி ஆறிப்போயிருந்ததே, ஆறின காப்பிக்குக் கொடுத்த வாக்கு செல்லுமா? இதை யாராவது மார்க்கம் படித்தவரிடம் கேட்கலாமா? இதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்ததும் அவருக்கே தன் மேல் அருவருப்பு வந்தது. "சீ, நீயெல்லாம் ஒரு ஆளு" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொன்னார். எருமை ஒன்று திரும்பிப் பார்த்தது.

மறுநாள் விடிந்ததும் ஊருக்குக் கிளம்பினார். நஷ்மிய்யாவிடம் ரொட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். ஊர்க்காரர்கள் எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், நேரில் பார்த்தால் தண்ணீர் அப்படி ஒன்றும் இருக்காது, "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று சிரித்துவிட்டு வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அவருடைய கோலும் அன்று காலை அதையே சொன்னது. கோலை எத்தனை தடவை பிடுங்கி நட்டார் என்பதை அவர் மறந்துவிட்டார்.

பாலத்தின் நடுவில் அவர் கால் தானாக நின்றது. குனிந்து கை நீட்டினால் தண்ணீரைத் தொட்டுவிடலாம்போல இருந்தது. காவி நிறத்தில், சத்தம் இல்லாமல், வேர் மண்ணோடு ஒரு மரத்தையும் யார் வீட்டுக் கதவையோ ஒன்றையும் கொண்டுபோனது. கதவில் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஊர்க் கரையின் மேல் ஏறி நின்றார். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் தெரு. அவர் எத்தனையோ தடவை நடந்த தெரு. ஆனால் இன்று ஆறு மேலே இருந்தது, தெரு கீழே இருந்தது. ஆற்றின் தண்ணீர் மட்டம் வீடுகளின் ஜன்னலுக்கு மேலே இருந்தது. அந்த ஜன்னல் ஒன்றில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கரையில் ஆண்கள் வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றினார்கள். தைத்த சாக்கு தீர்ந்துபோய், பெண்கள் தலையணை உறைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பூப் போட்ட உறைகள்.

"அபூ ஃபாலிஹ் வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடிக்க வந்தார்கள். அவர் சிரிக்க வந்த சிரிப்பை எங்கேயோ தொலைத்துவிட்டு, சப்தியின் கடை எங்கே என்று தெரியாதவர்போல விசாரித்தார்.

சப்தியின் ரொட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கரையில் நிற்பவர்களுக்கு இரண்டு நாளாகச் சும்மாவே ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கரை அடிவாரத்திலிருந்து பத்தடி தள்ளி, தரையில், சோறு கொதிப்பதுபோல மணலோடு தண்ணீர் குமுறிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மண் மூட்டைகளை வளையமாக அடுக்கியிருந்தார்கள்.

"முந்தாநாள் தெளிஞ்ச தண்ணியா வந்தது" என்றார் சப்தி. "தெளிவா வந்தா பயம் இல்ல, கலங்கி வந்தா கரையை உள்ளேயிருந்து தின்னுதுன்னு அர்த்தம்னாரு இன்ஜினியர். இப்போ பாரு."

ஹந்தூஷ் குனிந்து கையை விட்டார். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. எடுத்தபோது உள்ளங்கையில் செம்மண் படிந்திருந்தது. அது கரை மண் என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்தது. தன் வயலுக்குத் தானே கரை கட்டியவர் அவர்.

"மச்சான், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே" என்றார் சப்தி. "நீ எதுக்குன்னு தெரியாம வாக்குக் குடுத்தே. எல்லாருக்கும் தெரியும். அதை நான் உனக்கே திருப்பித் தரேன். மிஸ்அல்கிட்டயும் பேசிட்டேன். யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"திருப்பித் தந்தா? ஊரு?"

"எப்படியும் கரையை வெட்டச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வருது. அது எங்களுக்கு முன்னாலேயே தெரியும். ஆனா ரோடு முழுகிக் கிடக்கு, பொக்லைன் சுத்தி வர ரெண்டு நாளாகும். அதுக்குள்ள தண்ணி தானா இறங்கினாலும் இறங்கலாம். இறங்கினா உன் கோதுமை பிழைச்சுக்கும்."

"இறங்கலேன்னா?"

சப்தி அந்தக் குமுறலைப் பார்த்தார்.

"உத்தரவு வருதுன்னு தெரிஞ்சும் எதுக்குடா முப்பது பேர் சரிகை போட்டுட்டு என் வீட்டுக்கு வந்தீங்க?"

"மிஷினை விட்டு வெட்டினா உன்கிட்டேயிருந்து பிடுங்கின மாதிரி ஆயிடும். உன் கூடத்துல வந்து உக்காந்து கேட்டா, நீ குடுத்ததா இருக்கும். எப்படியும் போகப்போகுது, அதையாவது உனக்கு விட்டு வைக்கணும்னு நினைச்சோம். நீதான் கேக்கவே விடலை."

ஹந்தூஷ் வெகுநேரம் உள்ளங்கை மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பெரிய வார்த்தை சொல்ல வேண்டும்போல இருந்தது, பழக்க தோஷம். வரவில்லை. "ரெண்டு ரொட்டி குடு, வீட்ல சொல்லிட்டு வந்தேன்" என்று வாங்கிக்கொண்டு நடந்தார்.

திரும்பும்போது பாதையை விட்டுக் கோதுமைக்குள் நடந்தார். ஒரு கதிரைக் கிள்ளி நசுக்கினார். பால் வந்தது. இன்னும் ஒரு மாதம். இரண்டு நாள் பொறுத்தால் ஒருவேளை எல்லாமே பிழைக்கும். பொறுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்கக்கூடாது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இவ்வளவு வசதியான நிலைமை அவருக்கு வாழ்க்கையில் வந்ததே இல்லை. அதை நினைத்து நினைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பூப் போட்ட தலையணை உறைதான் கண்ணில் வந்து நின்றது.

நஷ்மிய்யா எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கரையை இன்னைக்கே வெட்டிடலாம்னு பாக்கறேன்" என்றார். "உன்னைக் கேக்கலாம்னு வந்தேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நாளைக்குத்தானே சொன்னீங்க? அவங்க அவசரப்படுத்தறாங்களா?"

"இல்ல. உங்க அண்ணன் வேண்டாம்னுட்டாரு. இந்தத் தடவை யாரும் கேக்கலை."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். வயலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு அரிவாளை எடுத்து வந்தாள், ஒன்றை ஸல்வாவிடம் கொடுத்தாள். "மேட்டு ஓரத்துல முடிஞ்ச வரைக்கும் பச்சையா அறுத்துடறோம். எருமைக்காவது ஆகும். நீங்க போங்க."

ஹந்தூஷ் சொல்லி அனுப்பியதும், மத்தியானத்துக்குள் ஊரிலிருந்து மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். சப்தி முகத்தில் மாவோடு வந்தார். முதல் வெட்டு ஹந்தூஷுடையது என்று எல்லோரும் விலகி நின்றார்கள். அவர் இறைவன் பெயரைச் சொல்லி மண்வெட்டியை ஓங்கி இறக்கினார். மண்வெட்டி டங்கென்று எகிறித் திரும்பியது. இன்னொரு தடவை ஓங்கினார். ஒரு கைப்பிடி மண் பெயர்ந்தது.

விஷயம் என்னவென்றால், அந்தக் கரையும் கூடத்தைப்போலவே ஹந்தூஷின் கைவேலை. ஆற்றின் இரண்டு பக்கத்திலும் தன் கரையைப்போல ஒரு கரை இருக்கக்கூடாது என்று, களிமண்ணில் வைக்கோலும் சுண்ணாம்பும் கலந்து, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கியிருந்தார். ஆள் மாற்றி ஆள் வெட்டினார்கள். வெயில் ஏறியது. ஒரு இளைஞன் கடப்பாரையைப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்தான். "எந்த மடையன்யா இதை இப்படிக் கட்டினான்?"

"நான்தான்" என்றார் ஹந்தூஷ்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி வெட்டினார். தன் வயலைத் தானே மூழ்கடிக்க இப்படி முதுகு ஒடிய வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், அவர் கரையைக் கொஞ்சம் சோம்பேறித்தனமாகக் கட்டியிருப்பார்.

சாயங்காலம் ஆகும்போது பள்ளத்தின் அடியில் ஈரம் தெரிந்தது. பிறகு ஒரு நூல் தண்ணீர். ஒரு பூனை குடித்தால் தீர்ந்துவிடும். ஹந்தூஷ் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நூல் கயிறாகி, கயிறு கையகலமாகி, திடீரென்று அவர் காலடி மண்ணே நகர்ந்தது. சப்தி அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டார். மண்வெட்டி போய்விட்டது. கரையின் இரண்டு பக்கமும் பாளம் பாளமாக விழுந்தது. அவ்வளவு பேரும் ஓடி விலகினார்கள்.

தண்ணீர் வயலுக்குள் வெறி பிடித்துப் பாயும் என்று அவர் நினைத்திருந்தார். முதல் பாத்திகளைத்தான் அது அடித்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் நிதானமாக நடந்தது. ஒரு வரப்பில் நின்றது, நிரம்பியது, அடுத்த வரப்புக்கு இறங்கியது. தண்டுகள் முழுகியும் கதிர்கள் மேலே நின்றன. எலிகளும் கௌதாரிகளும் மேட்டைப் பார்த்து ஓடி வந்தன. தூரத்தில் நஷ்மிய்யாவும் ஸல்வாவும் முழங்கால் தண்ணீரில் நின்று அறுத்ததைச் சுமந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஹந்தூஷின் தோளைத் தொட்டுவிட்டு, தங்கள் கரையைப் பார்க்கப் பாலத்துக்கு ஓடினார்கள். கடைசியாக சப்தியும் போனார்.

வெளிச்சம் மங்குவதற்கு முன்னால் எதிர்க்கரையிலிருந்து சத்தம் கேட்டது. தண்ணீர் இறங்கிவிட்டதைப் பார்த்துவிட்டார்கள். கரை மேல் வரிசையாக நின்று, தோளோடு தோள் சேர்த்து, காலால் தரையை உதைத்துப் பாடினார்கள். முதலில் வார்த்தை புரியவில்லை. பிறகு புரிந்தது. ஹந்தூஷ், ஹந்தூஷ் என்று அவர் பெயரைச் சொல்லித்தான் உதைத்தார்கள்.

எங்கள் ஆட்கள் ஒருவன் பெயரை அப்படிப் பாடுவது அவன் செத்த பிறகுதான், அதுவும் அவன் ஷேக்காக இருந்தால். நஷ்மிய்யா நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டே மேடேறி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கேக்குதா? உங்க பேருதான்."

"ம்."

"சந்தோஷமா?"

அவர் வயலைப் பார்த்தார். கதிர் நுனிகள் மட்டும் தெரிந்தன, நடுவில் அதுவும் இல்லை. எதிர்க்கரையில் பாட்டு உச்சத்துக்குப் போயிருந்தது.

"கோதுமை நல்லா வந்திருந்துச்சு நஷ்மிய்யா" என்றார். யார் கேட்டால் என்ன என்று வாய்விட்டு அழுதார். கூடம், பெயர், மரியாதை எதுவும் அப்போது அவர் நினைவில் இல்லை, கோதுமைதான் இருந்தது.

இருபத்தைந்து வருஷமாக அவர் பெருமை பேசும்போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லி அவரைத் தரையில் இறக்கிவிடுகிற நஷ்மிய்யா, அவர் தலைத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமா" என்றாள். "ஆத்துக்கு ரெண்டு பக்கமும் தேடினாலும் இந்த மாதிரி கோதுமை இல்ல. ஷேக் வயல்லகூட இல்ல."